அப்பா அம்மாவுக்கு மாத்திரை, பிபி, சுகர்: போனில் நிற்காமல் ஓடும்படி அமைப்பது எப்படி?

பொருநை
வணக்கம். வீட்டில் எழுபதைத் தாண்டிய இருவர். ஐயாவுக்கு சுகர், பிபி. அம்மாவுக்கு தைராய்டு, பிபி, கூடவே கால்சியம். ஆளுக்கொரு ஆண்ட்ராய்டு போன் உண்டு. தமிழ் நன்றாகப் படிப்பார்கள், ஆங்கிலத் திரை என்றால் தடுமாற்றம். பிள்ளைகள் வெளியூரில். மாத்திரை நினைவூட்டும் ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்தால் கொஞ்ச நாள் ஒழுங்காக அடிக்கிறது, அப்புறம் சத்தமே இல்லை. எந்த ஆப் நல்லது என்று கேட்கவில்லை. எப்படி அமைத்தால் நிற்காது, எங்கே கோளாறு வரும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பிபி, சுகர் அளவுகளைப் பதிவதற்கும் வழி வேண்டும்.

கரிசல்
நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஆப் அல்ல, போன். பேட்டரியை மிச்சம் பிடிக்க, பின்னணியில் ஓடும் ஆப்களை போனே உறங்க வைத்துவிடும். ஷாவ்மி, விவோ, ஓப்போ, ரியல்மி போன்களில் இந்தக் கெடுபிடி அதிகம். சரிபார்க்க வேண்டிய இடங்கள் ஐந்து. போனின் மொழியைத் தமிழுக்கு மாற்றியிருந்தால் பெயர்கள் சற்று மாறும், இடம் அதேதான்.

ஒன்று, நோட்டிபிகேஷன் அனுமதி. ஆண்ட்ராய்டு 13 முதல், புதிதாகப் போடும் ஆப் எதுவும் கேட்டு வாங்காமல் நோட்டிபிகேஷன் காட்ட முடியாது. முதல் தடவை திறக்கும்போது வரும் கேள்விக்குப் பெரியவர்கள் 'வேண்டாம்' என்று தட்டியிருந்தால் அத்தோடு சரி.

இரண்டு, ஆண்ட்ராய்டு 14இல் வந்த மாற்றம். சொன்ன நிமிடத்தில் அடிப்பதற்கான அனுமதி பல ஆப்களுக்குத் தானாகக் கிடைப்பதில்லை. செட்டிங்ஸ், ஆப்ஸ், சிறப்பு அணுகல், அங்கே 'அலாரங்கள் மற்றும் நினைவூட்டல்கள்' என்ற பட்டியலில் அந்த ஆப்பை இயக்கிவிட வேண்டும். இது இல்லாவிட்டால் 8 மணி நினைவூட்டல் போனைக் கையில் எடுக்கும்போது 8.40க்கு வந்து நிற்கும்.

மூன்று, பேட்டரி. ஆப்பின் தகவல் பக்கத்தில் பேட்டரி என்பதைத் திறந்து 'கட்டுப்பாடு இல்லை' என்று வையுங்கள். ஷாவ்மியில் இதோடு 'ஆட்டோஸ்டார்ட்' தனியாக உண்டு, அதையும் இயக்க வேண்டும். சாம்சங்கில் 'ஒருபோதும் உறங்காத ஆப்கள்' பட்டியலில் சேர்க்க வேண்டும்.

நான்காவதுதான் நீங்கள் சொன்ன 'கொஞ்ச நாள் அடித்து நின்றது' என்பதற்கு அதிகம் பொருந்துவது. ஆப்பின் தகவல் பக்கத்தில் கீழே 'பயன்படுத்தாவிட்டால் ஆப்பை இடைநிறுத்து' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். சில மாதம் ஆப்பைத் திறக்காவிட்டால் போனே அதன் அனுமதிகளைப் பறித்துக்கொள்ளும். நோட்டிபிகேஷனை விரலால் தள்ளிவிடுவதைப் போன் 'பயன்படுத்தியது' என்று கணக்கில் எடுப்பதில்லை. பெரியவர்கள் தினமும் தள்ளிவிட்டு மாத்திரையும் போடுவார்கள், போனோ இந்த ஆப்பை யாரும் தொடவில்லை என்று முடிவு கட்டும். அந்த சுவிட்சை அணைத்துவிடுங்கள். வாரக்கணக்கில் நின்றது என்றால் இரண்டாவதையும் மூன்றாவதையும் பாருங்கள்.

ஐந்து, அப்டேட் ஆகி ராத்திரியில் போன் தானே ரீஸ்டார்ட் ஆவது. பூட்டு எண்ணைப் போட்டுத் திறக்கும் வரை பெரும்பாலான ஆப்கள் எழுந்திருக்காது. போனோடு வரும் கடிகார ஆப்பின் அலாரம் மட்டும் பொதுவாக அப்போதும் அடிக்கும்.

இவ்வளவையும் சொன்னபிறகு என் தீர்மானமான கருத்து: மாத்திரைக்குத் தனி ஆப் வேண்டாம், கடிகார அலாரம் போதும். மேலே சொன்னதில் முக்கால்வாசித் தொல்லை அதற்குக் கிடையாது. 'தொந்தரவு செய்யாதே' போட்டிருந்தாலும் வழக்கமான அமைப்பில் அலாரம் அடிக்கும்.

நெய்தல்
கரிசல் அண்ணா சொன்னதை ஏற்கிறேன், ஆனால் கடிகார அலாரத்திலும் மூன்று ஓட்டைகள் இருக்கின்றன.

அலாரத்தின் ஒலி அளவு வேறு, ரிங்டோன் ஒலி அளவு வேறு. போன் வரும்போது சத்தம் நன்றாகக் கேட்கிறதே என்று நம்பிவிடக் கூடாது. செட்டிங்ஸில் ஒலி என்பதைத் திறந்து அலாரத்துக்கான கோட்டைத் தனியாக முழுக்க ஏற்றுங்கள்.

கூகுள் கடிகாரத்தில் யாரும் நிறுத்தாவிட்டால் 10 நிமிடத்தில் தானே அடங்கும். அம்மா பின்கட்டில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தால் தெரியவே தெரியாது. கடிகார ஆப்பின் செட்டிங்ஸில் அந்த நேரத்தை 25 நிமிடமாக்குங்கள்.

அலாரத்தை 'எல்லா நாளும்' என்று குறிக்காமல் சேமித்தால் ஒருநாள் மட்டும் அடித்து அணைந்துவிடும். கிழமைகளுக்கான ஏழு எழுத்துகளும் நிறம் மாறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடுங்கள்.

இன்னொன்று, இதை அவசியம் செய்யுங்கள். அலாரத்தின் ஓசையாக உங்கள் குரலையே வைக்கலாம். ரெக்கார்டர் ஆப்பில் "அம்மா, தைராய்டு மாத்திரை. தண்ணி மட்டும் குடிங்க. காபி ஏழு மணிக்கு" என்று பதிந்து அனுப்பி, அவர்கள் போனில் சேமித்து, அலாரத்தின் ஒலி என்ற இடத்தில் 'புதியது சேர்' கொடுத்து அந்தக் கோப்பைத் தேர்ந்தெடுங்கள். முதல் வார்த்தைக்கு முன் மூன்று நொடி மணிச்சத்தமோ கைதட்டலோ வரட்டும், இல்லாவிட்டால் 'அம்மா' என்பது காதில் விழாது. எழுத்துப் படிக்க வேண்டாம், கண்ணாடி தேட வேண்டாம். 'குப்பை நீக்கும்' கிளீனர் ஆப் ஏதாவது போனில் இருந்தால் முதலில் அதை அகற்றுங்கள், அது இந்தக் கோப்பையும் சேர்த்துத் துடைத்துவிடும்.

மருந்துச்சீட்டு
மருந்தாளுநராகச் சொல்கிறேன். போனை அமைப்பதற்கு முன் நேரங்களைச் சரியாக எழுதுங்கள். பொதுவாக எல்லாவற்றையும் 'காலை 8' என்று போட்டுவிடுகிறார்கள். அம்மா, ஐயா இருவருக்குமே அது பிழை.

தைராய்டுக்கான லெவோதைராக்சின் வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும். அதன்பின் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபியும் பலகாரமும். காபியோடு போட்டால் மருந்து உடம்பில் சேர்வது குறையும். கால்சியமும் இரும்புச்சத்து மாத்திரையும் அதற்கு 4 மணி நேரம் தள்ளிப் போக வேண்டும். ஆகவே அம்மாவுக்குத் தைராய்டு 6 மணி, கால்சியம் மதியச் சாப்பாட்டோடு. இரண்டையும் 'காலை' அறையில் சேர்த்துப் போட்டுவிட்டு, ரத்தப் பரிசோதனை அறிக்கையில் டிஎஸ்எச் (தைராய்டுக்குப் பார்க்கும் அளவு) ஏன் இறங்கவில்லை என்று திண்டாடும் வீடுகள் உண்டு.

ஐயாவின் சுகருக்கு மெட்பார்மின் இருந்தால் சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்டவுடன், வயிற்றுப் புரட்டல் குறையும். கிளிமிபிரைடு இருந்தால் அது சாப்பாட்டுக்குச் சற்று முன், அதாவது தட்டில் சோறு விழுந்த பிறகு. இந்த மாத்திரைக்கு 8 மணி என்று அலாரம் வைத்து, இட்லி 9.30க்கு வந்தால் நடுவில் சுகர் இறங்கிவிடும். எனவே அலாரத்தின் தலைப்பில் மருந்தின் பெயருக்குப் பதில் செய்ய வேண்டியதை எழுதுங்கள்: 'தட்டு வைத்த பிறகு: சுகர் மாத்திரை'. அன்றைக்குச் சாப்பாடு இல்லையென்றால் அந்த மாத்திரையும் இல்லை என்பதுதான் பொதுவான நடைமுறை, உங்கள் மருத்துவரிடம் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இன்சுலினுக்கு இந்த விதியைப் பொருத்தாதீர்கள், அதற்கு அவர் சொல்வதுதான்.

சஷ்டி, ஏகாதசி, அமாவாசை விரதம் இருப்பவர்களானால் காலண்டரில் அந்த நாட்களை முன்கூட்டியே போட்டு, முந்தின நாள் காலை நினைவூட்டல் வையுங்கள். விரத நாளுக்கான அளவை மருத்துவரிடம் கேட்டு அதே குறிப்பில் எழுதிவிடலாம். ரமலான் நோன்புக்கும் இதேதான், ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்பே போய்க் கேட்க வேண்டும்.

பொருநை
அலாரம் அடித்தது, மாத்திரை போட்டாரா இல்லையா என்று எப்படித் தெரியும்? தனி ஆப்பில் 'எடுத்தேன்' என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, கடிகாரத்தில் அது இல்லையே?

மருந்துச்சீட்டு
அந்தப் பொத்தானை நம்பித்தான் ஆபத்து வருகிறது. மாத்திரையைப் போட்டுவிட்டுப் பொத்தானை அழுத்த மறப்பார்கள். அரை மணி கழித்து ஆப் மறுபடி கேட்கும், சந்தேகத்தில் இன்னொன்று போடுவார்கள். கிளிமிபிரைடு இரண்டாகப் போனால் அன்று மாலை வரை கவலைதான். அல்லது மாத்திரையை மேசையில் வைத்துவிட்டு முதலில் பொத்தானை அழுத்துவார்கள், மாத்திரை அங்கேயே கிடக்கும்.

போட்டாச்சா இல்லையா என்பதை மாத்திரை டப்பாதான் சொல்ல வேண்டும். ஏழு நாள், நாளுக்கு நான்கு அறை, மொத்தம் 28 அறை உள்ள டப்பா மருந்துக்கடையில் கிடைக்கும். ஆளுக்கு ஒன்று, வேறு வேறு நிறத்தில். ஞாயிறு மாலை நிரப்புங்கள், நிரப்பியதும் மூடியைத் திறந்து வைத்து மேலிருந்து ஒரு போட்டோ எடுத்துப் பிள்ளைகளுக்கு அனுப்புங்கள். சீட்டோடு ஒப்பிட்டு அவர்கள் பார்த்துக்கொள்ளலாம். அறை காலியென்றால் போட்டாயிற்று, மறுபடி வேண்டாம். அறை நிறைந்திருந்து நேரமும் ரொம்பத் தாண்டிவிட்டது என்றால் அடுத்த வேளையில் இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது.

எல்லா மாத்திரையையும் அட்டையிலிருந்து உரித்துப் போடாதீர்கள். நெஞ்சுவலிக்கான நிகோரன்டில், வலிப்புக்கான சோடியம் வால்ப்ரோயேட் போன்றவை ஈரக்காற்றில் கெடும். அவற்றை அட்டையோடு சேர்த்து ஒரு மாத்திரையாக வெட்டி அறையில் வையுங்கள். வெட்டிய ஓரம் கூராக இருக்கும், கத்தரியால் மூலையை மழுக்கிவிடுங்கள். அட்டையோடு விழுங்கித் தொண்டையில் சிக்குவது பெரியவர்களிடம் நடக்கிற விஷயம், அலாரத்தின் குரல் பதிவிலேயே 'உரிச்சுப் போடுங்க' என்று சொல்லிவிடுங்கள். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரை டப்பாவுக்குள் போகவே கூடாது, அது தன் குப்பியிலேயே இருக்கட்டும்.

நெய்தல்
ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: ஹெல்த் ஆப்பிலேயே மருந்துப் பகுதி ஐஓஎஸ் 16இல் வந்துவிட்டது. ஐஓஎஸ் 17 முதல், குறிக்காமல் விட்டால் 30 நிமிடம் கழித்து மறுபடி நினைவூட்டும், சைலன்ட்டில் இருந்தாலும் சத்தம் வரும்படியும் வைக்கலாம். மருந்துச்சீட்டு சொன்ன டப்பா இதற்கும் வேண்டும்.

செவ்வந்தி
செவிலியர். பிபி பதிவைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில், கேமராவில் விரலை வைத்து பிபி காட்டும் ஆப்களை நீக்குங்கள். விரலின் ரத்த ஓட்டத்தைக் கேமரா பார்த்து நாடித்துடிப்பை எண்ணலாம். பிபி அதில் வராது. அப்படிச் சொல்லி விற்ற ஒரு ஆப் மீது அமெரிக்க வணிக ஆணையம் 2016இல் நடவடிக்கை எடுத்தது. அதைச் சோதித்த ஆய்வில், உயர் பிபி உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அது இயல்பான அளவையே காட்டியிருந்தது. மேல்கையில் கட்டும் மின்னணுக் கருவியே வேண்டும்.

கட்டும் பட்டையின் அளவு முக்கியம். முழங்கைக்கும் தோளுக்கும் நடுவே டேப்பால் சுற்றளவை எடுங்கள். சாதாரணப் பட்டை 22 முதல் 32 செ.மீ. வரை. அதற்கு மேல் உள்ள கைக்குச் சாதாரணப் பட்டையைக் கட்டினால் பிபி கூடுதலாகக் காட்டும். பட்டையின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு விரற்கடை மேலே இருக்கட்டும். சட்டைக் கையைச் சுருட்டி இறுக்கிவிட்டுக் கட்டாதீர்கள், கையை வெளியே எடுத்துவிடுங்கள்.

காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, காபிக்கும் பிபி மாத்திரைக்கும் முன். முதுகு சாயும் நாற்காலி, இரண்டு பாதமும் தரையில், காலின் மேல் கால் வேண்டாம், கை மேசையில் நெஞ்சுயரத்தில். தரையில் சம்மணமிட்டு எடுப்பதைத் தவிருங்கள். 5 நிமிடம் சும்மா இருக்க வேண்டும். இந்த 5 நிமிடத்துக்குப் போனின் டைமரைப் பயன்படுத்துங்கள், அதில் போன் உண்மையாகவே உதவும். பேச்சு, டிவி இரண்டும் நிற்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை எடுத்து இரண்டையும் பதியுங்கள். இரவுச் சாப்பாட்டுக்கு முன் மறுபடி இரண்டு.

இதை வருடம் முழுக்கச் செய்ய வேண்டியதில்லை. மருத்துவரைப் பார்க்கும் நாளுக்கு முந்தின 7 நாள் போதும். முதல் நாள் அளவுகளை விட்டுவிட்டு மீதி 24 அளவுகளின் சராசரியை எடுங்கள். வீட்டுச் சராசரி 135/85ஐ எட்டினாலோ தாண்டினாலோ உயர் பிபி என்பது வழிகாட்டுதல்களின் அளவுகோல். ஆப்கள் முதல் பக்கத்தில் காட்டும் 'சராசரி' எத்தனை நாளுடையது என்று பாருங்கள். பல ஆப்களில் அது ஆறு மாதக் கணக்கையும் சேர்த்துக் காட்டும், மருந்து மாற்றியபின் அதற்கு அர்த்தமில்லை.

180/120க்கு மேல் வந்து, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் பலமிழப்பு ஏதாவது இருந்தால் மறுமுறை எடுத்துக்கொண்டிருக்காதீர்கள், 108ஐ அழையுங்கள். அறிகுறி எதுவும் இல்லையென்றால் 5 நிமிடம் உட்கார வைத்து மறுபடி எடுத்துவிட்டு, அப்படியே இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் பேசுங்கள்.

கரிசல்
ப்ளூடூத் உள்ள பிபி கருவி வாங்கினால் செவ்வந்தி அக்கா சொன்ன அளவுகள் தானாக ஆப்பில் ஏறும். ஆனால் மூன்று இடத்தில் சறுக்கும்.

போனின் ப்ளூடூத் பட்டியலில் தேடினால் பெரும்பாலான கருவிகள் சரியாக இணையாது, கருவி நிறுவனத்தின் ஆப்புக்குள் இருந்துதான் இணைக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 11 வரையிலான போன்களில் லொகேஷனும் இயங்க வேண்டும், அதற்கு மேல் 'அருகிலுள்ள சாதனங்கள்' அனுமதி.

பேட்டரி மாற்றினால் பல கருவிகளில் தேதி பழையபடி ஆகிவிடும். இன்று எடுத்த அளவு ஆப்பில் ஏதோ பழைய வருடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், 'ஏறவே இல்லை' என்று நினைப்போம். பேட்டரி மாற்றிய கையோடு தேதியைச் சரிசெய்யுங்கள்.

கருவியில் 1, 2 என்று இருவருக்கான பொத்தான் இருக்கும். ஐயாவின் அளவு அம்மாவின் கணக்கில் ஏறினால் சராசரி இருவருக்கும் கெடும். 1 மேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கர், 2 மேல் பச்சை, மாத்திரை டப்பாவின் நிறமும் அதே.

செவ்வந்தி
ப்ளூடூத் இல்லாவிட்டாலும் குறையில்லை. கருவியின் திரையைப் போட்டோ எடுத்தால் நேரத்தோடு பதிவாகிவிடும். குடும்ப வாட்ஸாப் குழுவில் போடும் பழக்கத்தை மட்டும் பரிந்துரைக்க மாட்டேன், 148 என்று பார்த்ததும் நான்கு பேர் போன் போட்டுப் பதறவைப்பார்கள், அடுத்த அளவு இன்னும் ஏறும். ஒருவர் மட்டும் பார்க்கட்டும்.

கோலாலம்பூர்க்காரன்
சுகர் பக்கம் யாரும் தொடவில்லையே. இங்கே மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அளவு மில்லிமோல் கணக்கு, இந்தியாவில் மில்லிகிராம் கணக்கு. ஆப்பை இங்கே அமைத்து ஊருக்கு அனுப்பினால் அலகு தவறாக இருக்கும். 18ஆல் பெருக்கினால் மில்லிகிராம் வரும்: 7.0 என்பது 126. ஆப்பின் செட்டிங்ஸில் அலகை முதலிலேயே மாற்றுங்கள்.

எடுக்கும் முன் சோப்பு போட்டுக் கை கழுவித் துடைக்க வேண்டும். மாம்பழம் நறுக்கிய விரலில் எடுத்தால் பழத்தின் சர்க்கரையையும் சேர்த்துக் காட்டும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள், வலி குறைவு. ஸ்ட்ரிப் குப்பியை உடனே மூடுங்கள், திறந்த தேதியை மூடியில் எழுதுங்கள். 'சாப்பிட்டு 2 மணி நேரம்' என்பது முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து. முதல் கவளத்தில் போனில் டைமர் போட்டால் கணக்குத் தப்பாது.

வீட்டுக் கருவிக்கான சர்வதேசத் தரமே, 100க்கு மேல் உள்ள அளவுகளில் 15 சதவீதம் வரை ஏற்ற இறக்கத்தை அனுமதிக்கிறது. ஆய்வகத்தில் 150 என்றால் வீட்டில் 128ம் காட்டலாம், 172ம் காட்டலாம். அதனால் ஒரு எண்ணைப் பார்த்து மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். 70க்குக் கீழே போனால் மட்டும் யோசிக்காமல் 15 கிராம் குளுக்கோஸ் அல்லது மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிட டைமர், மறுபடி எடுக்க வேண்டும். நினைவு தப்பியவருக்கு வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், 108.

நெய்தல்
வாரம் ஒருமுறை செய்யும் வேலைகளுக்கு கூகுள் காலண்டர் நல்லது. 'வீடு' என்று தனிக் காலண்டர் உருவாக்கி எல்லோருக்கும் பகிருங்கள், கம்ப்யூட்டரில் செய்வது எளிது. ஒரு பொறி இருக்கிறது: நீங்கள் உங்கள் போனில் வைக்கும் '10 நிமிடம் முன் நினைவூட்டு' உங்களுக்கு மட்டும். பகிர்ந்த காலண்டருக்கான நினைவூட்டலை அவரவர் போனில் தனித்தனியாக வைக்க வேண்டும். சத்தமும் ஒரு 'டிங்'தான், அதனால் மாத்திரைக்கு இது ஆகாது.

இதில் போட வேண்டியவை: ஞாயிறு டப்பா நிரப்புதல், மாத்திரை தீர 7 நாள் முன்பு வாங்குதல் (அட்டை சிலது 10, சிலது 15 மாத்திரை, ஆகவே எல்லாம் ஒரே நாளில் தீராது), வெள்ளிக்கிழமை தண்ணீர் சோதனை. டெங்கு கொசு முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும், தேங்கிய தண்ணீரை வாரம் தவறாமல் கொட்டினால் அந்தச் சுற்று அறுந்துபோகும். பார்க்க வேண்டிய இடங்கள்: பிரிட்ஜின் பின்னால் உள்ள தட்டு, ஏர்கூலர், பூந்தொட்டியின் அடித்தட்டு, மொட்டைமாடியில் கிடக்கும் டயர், தொட்டியின் மூடி. கொட்டினால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்க்க வேண்டும். நீர்மட்டத்துக்கு மேலே ஒட்டியிருக்கும் முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும்.

பொருநை
மிக்க நன்றி. கடைசியாக ஒன்று. இருவரும் இரண்டு மாதம் சிங்கப்பூர் வருவார்கள். அலாரங்கள் என்ன ஆகும்?

கரிசல்
கடிகார அலாரம் போன ஊரின் நேரத்துக்கு அடிக்கும்: காலை 6 என்றால் அங்கத்திய 6. காலண்டரில் இந்திய நேரத்தில் போட்டது இரண்டரை மணி நேரம் தள்ளிப்போய், காலை 8 வேலை 10.30க்கு வரும். விமானத்தில் இருக்கும் நாளில் மட்டும் குழப்பம் வரும், அன்றைக்குரிய அறைகளைக் கைப்பையில் வைத்து வேளையைத் தாளில் எழுதிக் கொடுங்கள்.

மருந்துச்சீட்டு
மாத்திரைகளை அட்டையோடும் சீட்டோடும் கைப்பையில் எடுத்துப் போங்கள், பெட்டியில் போடாதீர்கள். அட்டையில் மருந்தின் பெயர் உள்ள பக்கத்தை வெட்டிவிடாமல் வையுங்கள். இரண்டரை மணி நேர வித்தியாசத்துக்கு இந்த மாத்திரைகளில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. இன்சுலின் போடுபவர்களும், ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் வித்தியாசம் உள்ள அமெரிக்கா மாதிரி ஊருக்குப் போகிறவர்களும் கிளம்பும் முன் மருத்துவரிடம் வேளைகளை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.